ஆச்சியின் சாய்வுப் பெட்டியில் மவுஸ் நிற்கவில்லை

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் எதையெல்லாமோ விசாரிக்கிறார்கள். ராம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு, திரை எத்தனை இஞ்ச், வாரண்டி எத்தனை வருஷம். காரைக்குடியில் கடைப் படி ஏறும்போதே வீட்டுப் பையன் போனில் ஒரு பட்டியல் வைத்திருப்பான். ஆனால் மவுஸைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டு நான் பார்த்ததில்லை. பில் போட்டு முடித்ததும் கடைக்காரரே கீபோர்டோடு ஒன்றைச் சேர்த்து வைத்து, "இது ஃப்ரீ சார்" என்பார். அத்தோடு சரி. கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற நேரமெல்லாம் கை எதைப் பிடித்துக்கொண்டிருக்கப் போகிறதோ, அந்தப் பொருளுக்கு மட்டும் விசாரணையே கிடையாது.

நான் செய்வது டிசைன் வேலை. செக்காலைப் பக்கம் ஒரு மாடியறை. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பு, ஜவுளிக்கடைப் பை, நினைவஞ்சலி நோட்டீஸ். இது போக, பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் செய்யும் பூப்போட்ட சிமெண்ட் டைல், பதித்த தரையைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். பாதி தேய்ந்துபோன பூவை முழுசாக வரைந்து, தகட்டை வளைத்து அச்சு செய்கிறவருக்குப் புரியும் சுத்தமான கோடாக மாற்றித் தர வேண்டும். எல்லாமே கோரல்டிரா என்கிற வரைகலை மென்பொருளில்தான். ஒரு வளைவு சரியாக வர, கோட்டில் இருக்கும் சின்னச் சின்ன முடிச்சுகளைப் பிடித்து இழுத்து இழுத்து வைக்க வேண்டும். முகூர்த்த மாதங்களில் இந்த இழுவை ராத்திரி வரை போகும். முதலில் முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தது. அப்புறம் மணிக்கட்டு. ஒரு கட்டத்தில் தோசைக்கரண்டி பிடித்தாலே கட்டைவிரலின் அடியில் சுரீர் என்றது. டாக்டர், "கைக்கு ரெஸ்ட் கொடுங்க" என்றார். வைகாசியில் எந்த டிசைனருக்கு ரெஸ்ட்?

அப்போதுதான் மவுஸுக்குப் பதில் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். செங்குத்து மவுஸ், உருண்டையை உருட்டி கர்சரை ஓட்டும் டிராக்பால், டச்பேட், பேனா டேப்ளட், கீபோர்டு நடுவில் முளைத்திருக்கும் சிவப்புக் குமிழ் என்று ஒரு சந்தையே இருக்கிறது. படித்த விமர்சனங்கள் எல்லாமே ஒரே கேள்வியைத்தான் சுற்றி வந்தன: எது வேகம், எது துல்லியம், எது சொகுசு. அந்தக் கேள்வியில் ஏதோ குறைகிறது என்று பட்டுக்கொண்டே இருந்தது. என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியவில்லை.

உருண்டை ஓடாத பந்தயம்

மவுஸ்தான் ஜெயித்தது என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தப் பந்தயத்தில் ஜெயித்தது என்று பார்த்தால் விஷயம் சுவாரசியமாக இருக்கிறது. டிராக்பாலின் அந்த உருண்டைதான் மூத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946இல், பிரிட்டிஷ் கடற்படையின் ரேடார் திரைக்காக ரால்ஃப் பெஞ்சமின் உருட்டும் பந்து ஒன்றை உருவாக்கினார். 1952இல் கனடா கடற்படையின் டேட்டார் திட்டத்தில் நிஜமான பௌலிங் பந்தையே தூக்கி வைத்து உருட்டினார்கள். ராணுவ விஷயம் என்பதால் வெளியே தெரியவில்லை. அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலீஷ் மரக்கட்டையில் முதல் மவுஸைச் செய்தது 1964இல். அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரம், மேலே ஒரே ஒரு பொத்தான்.

அந்தக் குழு சும்மா மவுஸைச் செய்துவிட்டு நிற்கவில்லை. ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், மவுஸ் என்று எல்லாவற்றையும் ஆட்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அதில் மேசைக்கு அடியில் முழங்காலால் ஆட்டுகிற கருவி ஒன்றும் இருந்தது. சிரிப்பாக இருக்கலாம். ஆனால் பழகாத ஆட்களுக்கு அது நன்றாகவே வந்தது, ஏனென்றால் கை கீபோர்டை விட்டு எழ வேண்டியதில்லை. பழகியவர்கள் கையில் மவுஸ் முந்தியது, தப்பும் குறைவு. பிறகு 1978இல் ஸெராக்ஸ் ஆய்வாளர்களான கார்டு, இங்கிலீஷ், பர் மூவரும் வெளியிட்ட ஒப்பீட்டில் மவுஸுக்கு எதிரே நின்றவை ஜாய்ஸ்டிக்கும் இரண்டு வகை நகர்த்தும் விசைகளும். மவுஸ் எளிதாக ஜெயித்தது. அந்த மைதானத்தில் உருண்டை இறங்கவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. 1968 டிசம்பர் 9ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் நடத்திய அந்தப் பிரபலமான செயல்விளக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வலது கையில் மவுஸ், நடுவில் கீபோர்டு, இடது கைக்கு ஐந்து கட்டைகள் உள்ள ஒரு சின்னப் பலகை. வலது கை சுட்டிக்கொண்டிருக்கும்போதே இடது கை எழுத்தையும் கட்டளையையும் கொடுத்துவிடும். கை அங்கும் இங்கும் அலையாமல் இருக்க, இரண்டு கைக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தார் மனிதர். உலகம் மவுஸை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த ஐந்து கட்டையை விட்டுவிட்டது. இடது கை சும்மா கிடக்க, வலது கை இரண்டு பேர் வேலையைப் பார்க்கிற ஏற்பாடு அங்கேதான் ஆரம்பித்தது என்பது என் எண்ணம்.

பூ வரைய வந்த பேனா

முதலில் வாங்கியது பேனா டேப்ளட். டிசைனர் என்றால் அதுதானே. அதன் பேனாவுக்கு பேட்டரி கிடையாது. அடியில் இருக்கும் பலகையின் மின்காந்த அலையிலிருந்தே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். வரைவதற்கு அதை அடிக்க ஆள் இல்லை.

மவுஸுக்கும் பேனாவுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் எனக்கு ஆத்தங்குடியில்தான் உறைத்தது. அங்கே கல் போடுகிறவர்கள் முதலில் கண்ணாடித் துண்டு ஒன்றைத் துடைத்து வைப்பார்கள். அதன் மேல் தகட்டு அச்சு. அச்சில் பூவிதழுக்கு ஒரு அறை, தண்டுக்கு ஒரு அறை, ஓரத்துக்கு ஒரு அறை. கலர் சிமெண்டைச் சின்னக் கரண்டியில் மொண்டு ஒவ்வொரு அறையிலும் ஊற்றுவார்கள். கரண்டி நேராக அந்த இடத்துக்குப் போய் நிற்கும். சிவப்பு ஊற்றிய அறைக்குப் பக்கத்து அறையில் மஞ்சள், ஒரு சொட்டு தாண்டாது. அச்சை எடுத்துவிட்டு மேலே காய்ந்த மணல்-சிமெண்ட், அதற்கும் மேலே ஈரக் கலவை. காய்ந்து, தண்ணீரில் ஊறி, பிறகு கண்ணாடியைப் பிரித்தால் அந்தப் பளபளப்பு. பேனா டேப்ளட் வேலை செய்வது அந்தக் கரண்டி மாதிரி. பலகையின் இந்த மூலை என்றால் திரையின் இந்த மூலைதான். மவுஸுக்கு இடம் என்று ஒன்று கிடையாது. இப்போது இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தாய் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதனால்தான் மவுஸைத் தூக்கித் தூக்கி வைத்து ஓட்ட முடிகிறது. பேனாவில் அது நடக்காது.

ஒரு எச்சரிக்கை. டேப்ளட்டின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் ஒன்றாக இல்லாவிட்டால் நீங்கள் போடும் வட்டம் முட்டை வடிவில் வரும். அமைப்பில் விகிதத்தைப் பூட்டும் வசதி இருக்கிறது, முதலில் அதைப் போடுங்கள். எட்டு இஞ்ச் சதுரக் கல்லுக்கு முட்டைப் பூவைக் கொடுத்தால் அச்சுக்காரர் நம்மைப் பார்க்கிற பார்வை நன்றாக இருக்காது.

ஆனால் பத்திரிகை வேலைக்குப் பேனா ஒத்துவரவில்லை. பெயர் திருத்து, எழுத்தைக் கொஞ்சம் நகர்த்து, மெனுவைத் திற, மறுபடி டைப் செய். ஒவ்வொரு தடவையும் பேனாவைக் கீழே வைத்து எடுப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் அப்பா நெளிய ஆரம்பித்துவிடுவார்.

டச்பேட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1994இல் ஆப்பிளின் பவர்புக் 500 மடிக்கணினியில் வந்ததிலிருந்து லேப்டாப் என்றாலே அதுதான். மின்னேற்றத்தை வைத்து விரலைக் கண்டுபிடிக்கிற சாதனம் அது. விரல் ஈரமானால் குழம்பிவிடும். சித்திரை வெயிலில் கரண்டும் போன மத்தியானத்தில் காரைக்குடியில் அதை வைத்து ஒரு முடிச்சை இழுத்துப் பாருங்கள். சிவப்புக் குமிழ் எனக்குப் பிடித்திருந்தது. டெட் செல்கர் ஐபிஎம்மில் கொண்டுவந்தது, 1992இல் திங்க்பேட் 700சியில் வந்தது. ஜி, எச், பி எழுத்துகளுக்கு நடுவில் இருக்கும். அழுத்துகிற அளவுக்கு கர்சர் ஓடும். கை எழுத்துகளை விட்டு அசையவே வேண்டாம். எழுதுகிறவர்களுக்கு அதைவிட நல்லது கிடையாது. அவ்வப்போது கர்சர் தானாக நகர ஆரம்பிக்கும், விரலை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் தன்னைச் சரிசெய்துகொள்ளும். படம் வரைகிறவர்களுக்கு அது ஆகாது.

சாய்ந்த பெட்டி

எனக்குத் தெளிவு வந்தது என் மேசையில் இல்லை. பத்திரிகை அடித்த பழக்கத்தில் தெரிந்தவர் ஒரு ஆச்சி. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் அவர் மட்டும் இருக்கிறார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. சென்னையில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், அமெரிக்காவில் இருவர் என்று பரந்து கிடக்கிறார்கள். ஓடு மாற்றிய கூலி, காவலாள் சம்பளம், கரண்ட் பில், பொங்கலுக்கு வெள்ளையடித்தது என்று எல்லாச் செலவையும் எக்ஸலில் ஏற்றி, அவரவர் பங்குக்கு எவ்வளவு என்று பிரித்து அனுப்புவது ஆச்சியின் பொறுப்பு. பங்கு எல்லோருக்கும் சமம் இல்லை. ஒருவருக்குக் கால், ஒருவருக்குப் பன்னிரண்டில் ஒன்று. அதெல்லாம் ஆச்சிக்கு மனப்பாடம்.

நாற்காலியில் ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் வீங்குகிறது என்று வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், தூண் ஓரமாகத் தரையில்தான் உட்காருவார். லேப்டாப் இருப்பது பழைய கணக்குப்பிள்ளைப் பெட்டியின் மேல். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்றைக்கும் பார்க்கலாம், தேக்கில் செய்த, மூடி சாய்வாக இருக்கும் பெட்டி. தரையில் உட்கார்ந்து பேரேடு எழுதுவதற்கென்றே செய்தது. பேரேடு வழுக்காமல் இருக்க மூடியின் அடி விளிம்பில் ஒரு சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தில் லேப்டாப் அழகாக உட்கார்ந்துகொண்டது. மவுஸ்தான் பிரச்சினை. கையை எடுத்தால் சரிந்து சட்டத்தில் போய் முட்டி நிற்கும். அதனால் மவுஸைப் பக்கத்தில் தரையில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஆத்தங்குடிக் கல்லில் மவுஸ் நன்றாகவே ஓடுகிறது. மேலே கண்ணாடி போட்ட மேசையில்தான் சாதாரண ஆப்டிகல் மவுஸ் தடுமாறும். அடியில் இருக்கும் சென்சார் விநாடிக்கு ஆயிரத்துக்கு மேல் படமெடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது, கண்ணாடியில் ஒப்பிட அதற்கு ஒரு அடையாளமும் கிடைப்பதில்லை.

ஆச்சி என்னைக் கூப்பிட்டது மவுஸுக்காக இல்லை. "தம்பி, இந்தக் கணக்குல பேய் புகுந்துருச்சு. போட்ட தொகை போட்ட எடத்துல இருக்க மாட்டேங்குது. காவக்காரருக்குக் குடுத்த சம்பளம் காணோம்னு சென்னையில இருந்து கேக்குறாக" என்றார். ஃபைலைத் திறந்து பார்த்தால் அந்தத் தொகை நான்கு வரி தள்ளி, ஆளில்லாத ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. எக்ஸலில் ஒரு கட்டத்தின் விளிம்பைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருப்பது அப்படியே இடம் மாறும். போய்ச் சேரும் கட்டத்தில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் எச்சரிக்கும். காலியாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லாது.

அந்த அமைப்பை அணைத்துவிடலாம். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால் கட்டத்தை இழுத்து விடுவதை அனுமதிக்கும் ஒரு குறி இருக்கும், எடுத்துவிட்டேன். பேய் ஓடியது. கிளம்புவதற்கு முன், எப்படி இழுபட்டது என்று பார்ப்பதற்காக, "ஆச்சி, நீங்க எப்பவும் போல ரெண்டு வரி போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆச்சிக்கு வலது கையில் லேசான நடுக்கம். கர்சர் ஆடி ஆடித்தான் போகும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மெதுவாக, ஆனால் நேராகக் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சரியாக நடுவில் நின்றது. ஆள்காட்டி விரல் பொத்தானை அழுத்தப் போனது. அந்த ஒரு நொடியில்தான் கை முழுவதும் இறுகி மவுஸ் அரை அங்குலம் தள்ளிப்போனது. பொத்தான் அழுந்தியிருக்கும்போதே நகர்ந்ததால் எக்ஸலுக்கு அது கிளிக் இல்லை, இழுவை. அந்த இழுவை கட்டத்தின் விளிம்பில் ஆரம்பித்த தடவைகளில்தான் தொகை இடம் மாறியிருக்க வேண்டும். மறுபடி பார்த்தேன். மறுபடியும் அதேதான். போய்ச் சேர்வதில் ஒரு குறையும் இல்லை. அழுத்தும்போதுதான் எல்லாம் கெடுகிறது.

விமர்சனங்களில் எனக்குக் குறைவாகப் பட்டது இதுதான். குறி வைப்பதும் அழுத்துவதும் இரண்டு வேலை. மவுஸ் இரண்டையும் ஒரே கையின் ஒரே பிடியில் கட்டிப்போட்டிருக்கிறது. நகர வேண்டிய பொருளின் மேலேயே பொத்தானும் இருக்கிறது. அழுத்தினால் நகராமல் இருக்க, நாம் அறியாமலே அதை இறுக்கிப் பிடிக்கிறோம். நடுக்கம் இருந்தால் அது கண்ணுக்குத் தெரிகிறது. இல்லாதவர்களுக்கு அந்த இறுக்கம் முழங்கையில் போய்ச் சேர்கிறது. என் வலி எனக்கு அங்கே விளங்கியது. முடிச்சைப் பிடித்து இழுக்கிற நேரமெல்லாம் நான் மவுஸை நசுக்கிக்கொண்டிருக்கிறேன்.

டிராக்பாலில் உடம்பு நகராது, உருண்டை மட்டும் உருளும். உருட்டி, விரலைத் தூக்கி, பிறகு அழுத்தலாம். எவ்வளவு பலமாக அழுத்தினாலும் கர்சர் நின்ற இடத்தில் நிற்கும். சாய்ந்த பெட்டியிலும் சரியாது, அடியில் ரப்பர். உருண்டை மூன்று சின்னப் புள்ளிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் சாய்வுக்குத் தானாக உருளவும் இல்லை.

நம்பர் பேடுக்கு அந்தப் பக்கம்

உருண்டை என்று முடிவானாலும் எந்த உருண்டை என்று ஒரு கேள்வி இருந்தது. கட்டைவிரலால் உருட்டுவது ஒரு வகை. வலது கைக்கென்றே வளைத்துச் செய்தவைதான் பெரும்பாலும். மவுஸ் மாதிரியே பிடிப்பு இருப்பதால் சீக்கிரம் பழகும், அதனால் கடைகளில் அதைத்தான் காட்டுவார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஏற்கெனவே போனில் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்த கட்டைவிரலுக்கு இன்னொரு முழுநேர வேலை எதற்கு? நடுவில் பெரிய உருண்டை, இரண்டு பக்கமும் பொத்தான் என்று இருக்கும் சமச்சீர் வகையை எந்தக் கையாலும் உருட்டலாம். ஆச்சிக்கு அதைத்தான் வரவழைத்தேன்.

அதை எடுத்து வலது பக்கம் வைக்கப் போனபோது ஆச்சியே தடுத்தார். "அங்கன வச்சா நான் எப்படித் தம்பி நம்பர் போடுறது?" கணக்குப் போடுகிறவர்களுக்கு வலது கை நம்பர் பேடில்தான் இருக்கும். பார்க்காமலே விரல் ஓடும், அந்த வேகத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நாம் டைப் செய்கிற எழுத்துகள் கீபோர்டின் இடது பாதியில் இருக்க, நம்பர் பேடு வலது ஓரத்தை அடைத்துக்கொள்ள, மவுஸ் அதற்கும் அந்தப் பக்கம் போய் உட்காருகிறது. அதை எட்டுவதற்காக நாள் முழுவதும் தோளிலிருந்து கையை வெளிப்பக்கம் விரித்து வைத்திருக்கிறோம். மணிக்கட்டுக்கு உறை, ஜெல் திண்டு என்று வாங்குகிறவர்கள் முதலில் இந்தத் தூரத்தை ஒரு தடவை அளந்து பார்க்கலாம்.

ஆச்சியின் உருண்டை இடது பக்கம் போனது. வலது கை எண் போடும், இடது கை இடம் காட்டும். இடது கையில் நடுக்கமும் குறைவு. முதலில் இரண்டு மூன்று நாள் உருண்டை எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்று திட்டினார், பிறகு திட்டுவது நின்றது. கூடவே இன்னும் சில வேலை செய்தேன். 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் ஒரு கணக்கு சொன்னார்: இலக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு பெரிசு என்கிற இரண்டையும் வைத்து அதை எட்டும் நேரத்தைச் சொல்லிவிடலாம். தூரத்தைக் குறைக்க முடியாத இடத்தில் இலக்கைப் பெரிசாக்கலாம் அல்லவா? எக்ஸலை 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன். கர்சரைப் பெரிதாக்கினேன். மவுஸ் அமைப்பில் கிளிக்லாக் என்று ஒன்று இருக்கிறது. பொத்தானைச் சற்று நேரம் அழுத்திவிட்டு விட்டால் பிடித்தபடியே இருக்கும், மறுபடி ஒரு தடவை தட்டினால் விடும். இழுக்க வேண்டிய இடங்களில் பிடித்துக்கொண்டே உருட்ட வேண்டாம். இதற்கெல்லாம் காசு கிடையாது. ஆச்சியிடம் நான் முதலில் செய்திருக்கக்கூடிய வைத்தியமும் இதுதான், யாருக்காவது மவுஸ் தகராறு செய்கிறது என்றால் இப்போது இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

நம்பர் பேடிலேயே கர்சரை ஓட்டும் வசதி விண்டோஸில் உண்டே என்று ஒருவர் கேட்டார். இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்லாக் மூன்றையும் அழுத்தினால் எட்டும் இரண்டும் மேலே கீழே, நாலும் ஆறும் பக்கவாட்டில், ஐந்து கிளிக். மவுஸ் உடைந்துபோன ராத்திரிக்கு உதவும். ஆனால் எண் போடுகிற பேடே கர்சரையும் ஓட்ட வேண்டும் என்றால் கணக்கு எழுதுகிறவர் எதைத்தான் செய்வார்?

சொல்லப்போனால், கணக்கு வேலைக்கு மவுஸே வேண்டாம் என்று டாலி என்கிற கணக்கு மென்பொருளை ஓட்டுகிறவர்கள் சொல்வார்கள். எஃப்5 கொடுத்தது, எஃப்6 வந்தது, எஃப்8 விற்பனை, கன்ட்ரோல் ஏ போட்டால் பதிந்தது. புதுவயல் அரிசி ஆலை அலுவலகங்களில் உட்கார்ந்து பாருங்கள், மவுஸ் ஒரு ஓரமாகக் கிடக்கும். விசை தெரிந்த வேலைக்கு விசையை அடிக்கும் கருவி எதுவும் இல்லை. எக்ஸலுக்கும் ஆச்சிக்கு நாலைந்து விசை எழுதிக் கொடுத்திருக்கிறேன். கட்டத்துக்குள் போய்த் திருத்த உதவும் எஃப்2 மட்டும் பிடித்துக்கொண்டார்.

உருண்டையின் தொல்லைகள்

உருண்டை வாங்குங்கள் என்று ஊருக்குச் சொல்ல வரவில்லை. அதற்கும் தொல்லை உண்டு. விரலின் எண்ணெயும் தூசியும் உருண்டை உட்காரும் அந்த மூன்று புள்ளிகளில் திரண்டு கட்டியாகும். உருட்டும்போது ஒரு இடத்தில் சிக்கிச் சிக்கிப் போனால் உருண்டையை வெளியே எடுத்து நகத்தால் சுரண்ட வேண்டும். பழைய ரப்பர் பந்து மவுஸில் உருளைகளைச் சுரண்டிய தலைமுறைக்கு இது புதிதல்ல. அதுவும் இதுவும் ஒன்றுதான், தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு வித்தியாசம், பழைய மவுஸ் மேசையின் அழுக்கைத் தின்றது, இது நம் கை அழுக்கை. விலையும் சாதாரண மவுஸைப்போல் பல மடங்கு.

எனக்கு இருக்கும் பெரிய குறை, நீண்ட இழுவை. கட்டைவிரலால் பொத்தானைப் பிடித்துக்கொண்டு மற்ற விரல்களால் உருட்டி ஒரு வளைவை இழுப்பது அப்படியொன்றும் சுகமில்லை. கர்சர் ஒரே கோட்டில் போவதைவிடப் படிபடியாகப் போகிற மாதிரி இருக்கிறது. பூ வரைய அது ஆகவே ஆகாது. முடிச்சைத் தேர்ந்தெடுக்க, எழுத்தை நகர்த்த, மெனு திறக்க நன்றாக இருக்கிறது. கடைசியில் எங்கல்பார்ட் செய்ததைப் போல இரண்டு கைக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டேன். இடது பக்கம் உருண்டை, வலது பக்கம் பேனா, நம்பர் பேடு இல்லாத சின்ன கீபோர்டு நடுவில். இடது கைக்குப் பழகுவதற்குள் ஒரு முகூர்த்த சீசன் ஓடிவிட்டது. முழங்கை வலி போய்விட்டது. கட்டைவிரலின் அடியில் இன்னும் மிச்சம் இருக்கிறது, அதற்குப் போனைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

என்னிடம் வேலை பார்க்கிற தம்பி இதையெல்லாம் ஏற்பதாக இல்லை. பல வண்ண விளக்கு எரிகிற கேமிங் மவுஸ் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்திருக்கிறான். வேகத்தை உச்சத்தில் வைத்து விரல் நுனியாலேயே ஓட்டுகிறான். கைமுட்டி மேசையை விட்டு அசைவதில்லை. பத்திரிகை வேலையில் என்னைவிட வேகம், ஒப்புக்கொள்கிறேன். அவனுக்கு இருபத்திரண்டு வயசு, கையும் அவனுடையது. நான் சொன்னது ஒன்றே ஒன்று, கீபோர்டை மாற்றி மவுஸைப் பக்கத்தில் கொண்டுவா என்பது. அதை மட்டும் செய்தான், அதுவும் விளையாடுகிறவர்கள் அப்படித்தான் வைப்பார்களாம், அதனால்.

என் மேசை இழுப்பறையில் ஒரு சாதாரண வயர் மவுஸ் கிடக்கிறது. அதைத் தூக்கிப் போட முடியவில்லை. பத்திரிகை பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் வாயால் சொல்லி நிறுத்துவதில்லை. "ஐயா படத்த இன்னுங் கொஞ்சம் மேல ஏத்துங்க, இல்ல இல்ல, கொண்டாங்க இப்படி" என்று கையை நீட்டிவிடுவார்கள். உருண்டையைக் கொடுத்தால் அதைத் தூக்கி மேசையில் தேய்க்கிறார்கள். பேனாவைக் கொடுத்தால் பலகையில் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்கள் வந்து உட்காரும்போது இழுப்பறையைத் திறந்து வயரைச் சொருகிக் கொடுத்துவிடுகிறேன். படத்தை அவர்களே ஏற்றி இறக்கி, கடைசியில் நான் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து விட்டுவிட்டு, ரேட்டு பேச ஆரம்பிப்பார்கள்.